கடைசியாக ஏறுகிறவர்

இராஜமாணிக்கத்துக்கு அன்று பரீட்சை. பரீட்சை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. "அப்பா, நாளைக்கு ஞாயித்துக்கெழமை, உங்களுக்கு டெல்லியச் சுத்திக் காட்டறோம்" என்றுதான் மகள் தமிழ்செல்வி சொன்னாள். ஆனால் முந்தின நாள் சாயந்தரம் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் பால்கனியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டே அவள் தன் கணவனிடம் பேசியது, உள்ளே கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்த அவர் காதில் ஒரு சொல் விடாமல் விழுந்துவிட்டது.

"நாளைக்கு நாள் பூரா கூடவே இருந்து பாப்பமுங்க. நல்லா இருந்தார்னா வியாழக்கெழமை ரயில்ல ஏத்தி வுட்ரலாம். மறுக்கா வெள்ளகோவில் மாதிரி எதாச்சும் ஆச்சுன்னா நான் அனுப்ப மாட்டேன். காங்கேயத்து வீட்டப் பூட்டிப்போட்டு இங்கியே வெச்சுக்கலாம்."

"சரி, பாக்கலாம்" என்றான் மாப்பிள்ளை செந்தில்குமார். மத்திய அரசு அலுவலகத்தில் பதினான்கு வருடம் கோப்பு பார்த்தவன். அவன் வாயில் 'பாக்கலாம்' வந்தால் அது பாதி உத்தரவு.

வெள்ளகோவில் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இராஜமாணிக்கம் தனியார் பஸ்ஸில் முப்பத்தோரு வருடம் கண்டக்டர். காங்கேயம், தாராபுரம், பழனி என்று அந்தத் தடத்தில் அவருக்குத் தெரியாத வேகத்தடை கிடையாது. அப்படிப்பட்டவர் இரண்டு மாதத்துக்கு முன்னால் காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் தாராபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது. இறங்கிப் போய்விட்டு, பஸ் கிளம்பிவிடுமே என்று வேட்டியைத் தூக்கிப் பிடித்து ஓடி வந்து, பக்கத்தில் நின்ற கரூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். வெள்ளகோவிலில்தான் தெரிந்தது. அங்கே டீக்கடை வைத்திருக்கும் ஜெயபால் இவரைப் பார்த்துவிட்டு, கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்று சாயந்தரமே டெல்லிக்குப் போன் போட்டுவிட்டான். அவனுக்கு ஏன் இந்த அக்கறை என்று இன்றுவரை இவருக்கு எரிச்சல்தான்.

"என்னாச்சுப்பா?" என்று மகள் போனில் அழுதபோது, பெற்ற பெண்ணிடம் மூத்திரக் கதையைச் சொல்ல நாக்கு எழவில்லை. "மறந்து போச்சு அம்மணி" என்றார். இப்படித்தான் மறதி என்ற சொல்லை அவரே எடுத்து மகள் கையில் கொடுத்தார். கொடுத்ததை இனித் திரும்ப வாங்க முடியாது. வாங்கினால், ஒரு வருடமாக முக்கால் மணிக்கு ஒருதரம் போக வேண்டியிருக்கிறது, வந்தால் அடக்க முடிவதில்லை, இரண்டுமுறை வேட்டி நனைந்தும்விட்டது என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். அதுவும் மாப்பிள்ளை காதுபட. பெண்ணைக் கொடுத்த இடத்தில் மாமனார் என்ற கௌரவத்தோடு பன்னிரண்டு வருடம் நடந்துகொண்ட மனிதருக்கு அது ஆகிற காரியமா?

ஆகவே அன்று காலை அவர் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. காப்பியைக்கூடப் பாதி குடித்து மீதியைச் சத்தமில்லாமல் வாஷ்பேசினில் ஊற்றினார். நாள் பூரா நடக்க வேண்டும், கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொல்ல வேண்டும், ஒரு அடிகூடத் தவறக்கூடாது. வியாழக்கிழமை ரயிலேறி, மனைவி போன பிறகு நாலு வருடமாகத் தனியே இருக்கும் அந்த இரண்டு அறை வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே அவர் எத்தனைமுறை எழுந்து போனாலும் எண்ணுவதற்கு ஆள் கிடையாது.

முதலில் மலை மந்திர். படியேறும்போது மகள் இரண்டு படி பின்னாலேயே வந்தாள். சாமி கும்பிட வந்தவள் மாதிரி இல்லை, விழுந்தால் பிடிக்க வந்தவள் மாதிரி இருந்தது. இராஜமாணிக்கம் வேண்டுமென்றே கைப்பிடிக் கம்பியைத் தொடாமல் ஏறினார். மேலே போய் நின்றபோது மூச்சு இரைத்தது. அதை மறைக்கக் கண்ணை மூடிக்கொண்டார். பக்தி என்று நினைத்துக்கொள்ளட்டும்.

"முருகா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்று வேண்டிக்கொண்டார். எதை என்று விளக்கவில்லை. அவனுக்குத் தெரியாதா.

பிறகு மெட்ரோ. பேத்தி சஷ்டிகாவுக்கு எட்டு வயது. டெல்லியிலேயே பிறந்தவள். அவள் பேசும் தமிழில் பாதி இந்தி. அப்பச்சியின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடினாள். "அப்பச்சி, ஜல்தி! ஜல்தி வாங்க!"

"வாரேன் சாமி, வாரேன்."

சாந்தினி சௌக்கில் இறங்கியதும் மகள் பரீட்சையை ஆரம்பித்தாள். விளையாட்டாகக் கேட்பது போன்ற குரலில்தான். "அப்பா, நாம எங்க ஏறுனோம்னு நெனப்பிருக்குதா?"

"ஆர்.கே.புரத்துல. மூணாவது ஸ்டாப்பிங் ஹவுஸ் காஸ்ல எறங்கி மாறுனோம். அங்கிருந்து இது பன்னெண்டாவது ஸ்டாப்பிங்" என்றார் கண்டக்டர். வழியெல்லாம் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்திருந்தார். தமிழ்செல்வி கணவனைப் பார்த்தாள். அவன் புருவத்தை உயர்த்தி, பரவாயில்லையே என்பதுபோல் தலையாட்டினான். இவருக்குப் பத்துக்குப் பத்து வாங்கிய சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தைக் கடைவீதி தின்றுவிட்டது. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. தலை தெரிந்ததே தவிர தரை தெரியவில்லை. சுமை தூக்குகிறவன் ஒருவன் பின்னாலிருந்து கத்திக்கொண்டு வந்தான், பேட்டரி ரிக்‌ஷா முன்னாலிருந்து வந்தது, புகையில் கண் எரிந்தது. "பிக்பாக்கெட் அடிச்சுருவாங்கப்பா" என்று மகள் இவர் செல்போனை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். இராஜமாணிக்கம் இடிபட்டுக்கொண்டே நடந்தார். அவர் கண் ஜரிகைத் துணியையும் பார்க்கவில்லை, ஜிலேபியையும் பார்க்கவில்லை. கட்டணக் கழிப்பிடம் எங்கே இருக்கிறது, ஆண் படம் போட்ட பலகை எந்தச் சந்தில் தொங்குகிறது என்று மட்டும் தேடியது. கடைவீதியைத் தாண்டிச் செங்கோட்டைக்குள் போனதும் ஒன்றைக் கண்டுபிடித்து, "செருப்புல கல்லு மாட்டிக்கிச்சு, நீங்க நடங்க" என்று சொல்லிவிட்டு நழுவிப் போய் வந்தார். திரும்பி வந்தபோது மகள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எங்கப்பா போனீங்க?"

"அந்தத் தூணப் பாத்துட்டு இருந்தேன்."

"சொல்லீட்டுப் போங்கப்பா."

ஒரு மார்க் போயிற்று என்று அவருக்குத் தெரிந்தது.

மத்தியானம் மாப்பிள்ளை லஸ்ஸி வாங்கி வந்தான். மண் குவளையில், மேலே ஏடு மிதக்க, கிட்டத்தட்ட அரை லிட்டர். இராஜமாணிக்கம் அதைப் பார்த்த பார்வையில் விஷத்தைக்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"எனக்கு வேண்டாமுங் மாப்ளே."

"காலைல இருந்து நீங்க தண்ணியே குடிக்கலீங்க மாமா. நானும் பாத்துட்டுத்தான் வர்றேன். டெல்லிக்கு வந்துட்டு லஸ்ஸி குடிக்காமப் போவாங்களா?"

பார்த்துக்கொண்டுதான் வருகிறான்! மறுத்தால் அதுவும் கணக்கில் ஏறும். ஒரே மூச்சில் குடித்தார். ருசியாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் கோபமூட்டியது.

லஸ்ஸி தன் வேலையைக் காட்டியது கனாட் பிளேசில். பேத்திக்குத் தீபாவளி உடுப்பு எடுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். வட்டமாகப் போகிற அந்த வராந்தாவில் எல்லாத் தூணும் ஒரே மாதிரி. நாலரைக்கு அடிவயிறு கனத்தது. ஐந்துக்கு வலித்தது. எதிர்ப்பக்கம் ஒரு கழிப்பிடப் பலகை தெரிந்தது. குடும்பமோ இந்தப் பக்கம் திரும்பியது. சொல்லாமல் போனால் காணாமல் போனவர். சொல்லிவிட்டுப் போகலாம் என்றால், மாப்பிள்ளை பக்கத்திலேயே, தோளோடு தோளாக நடந்து வருகிறான். "எப்படிங்க மாமா இருக்குது டெல்லி?" என்று வேறு கேட்கிறான். "பெரிய ஊருங்க" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. இன்னும் ஒரு மணி நேரம். குவார்ட்டர்ஸ் போய்விட்டால் போதும்.

கனாட் பிளேசுக்கு அடியிலேயே இருந்த ராஜீவ் சௌக் மெட்ரோ ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை. ரயில் வந்து கதவு திறந்ததும் கூட்டம் அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. இங்கேதான் இராஜமாணிக்கம், இராஜமாணிக்கம் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தார். முப்பத்தோரு வருடப் பழக்கம். கண்டக்டர் கடைசியாகத்தான் ஏறுவான். அவர் கதவோரம் ஒதுங்கி நின்று, மகளை உள்ளே விட்டார், பேத்தியை விட்டார், மாப்பிள்ளையை விட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று தலை எண்ணினார். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்கும் வழிவிட்டார். எல்லோரும் ஏறியாயிற்று, இனி விசில் கொடுக்கலாம் என்று மனசு சொன்ன அந்த நொடியில் கதவு அவர் மூக்குக்கு முன்னால் மூடிக்கொண்டது. விசிலுக்குக் காத்திருக்கிற டிரைவர் அந்த வண்டியில் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேத்தியின் வாய் 'அப்பச்சி' என்று திறந்தது. சத்தம் கேட்கவில்லை. தமிழ்செல்வி கதவைக் கையால் அடித்தாள். ரயில் போய்விட்டது.

இராஜமாணிக்கம் பயப்படவில்லை. அதுதான் ஆச்சரியம். தொழில் தெரிந்தவர். அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கி, எதிர் வண்டி பிடித்துத் திரும்பி வருவார்கள், பத்து நிமிடம் ஆகும், இருந்த இடத்தை விட்டு அசையாமல் நின்றால் போதும். பஸ்ஸில் பிள்ளையைத் தவறவிட்ட எத்தனை தாய்மாருக்கு இதை அவரே சொல்லியிருப்பார். தூணோடு சாய்ந்து நின்றார்.

மூன்று நிமிடம் நின்றார். நாலாவது நிமிடம் அடிவயிற்றில் கத்தி இறங்கியது. நின்றால் இங்கேயே, இத்தனை பேர் நடுவில், வெள்ளை வேட்டியோடு மானம் போகும். போனால் இடத்தை விட்டு நகர்ந்தவர் ஆவார், பரீட்சை முடிந்தது. முருகா என்றார். அவனும் கைவிட்டான். கால் தானாக நடந்துவிட்டது.

"டாய்லட்? டாய்லட்?" என்று காவலாளியைக் கேட்டார். அவன் மேலே கை காட்டி "பாஹர், பாஹர்" என்றான். வெளியே என்கிறான் என்று புரிந்தது. படியேறிப் போனால் வெளியே விட மெஷின் டிக்கெட் கேட்டது. டிக்கெட் மாப்பிள்ளையின் போனில் இருந்தது. கண்ணாடி அறையில் சீருடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் இவர் முகத்தைப் பார்த்தாள், கை எங்கே இருக்கிறது என்றும் பார்த்தாள், பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். அந்தப் புண்ணியவதி நூறு வருடம் இருக்க வேண்டும்.

போய்விட்டு வந்தபோது உலகமே லேசாக இருந்தது. அந்தப் பெண் இவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவசரமாக இரண்டு கையாலும் வேண்டாம் என்றார். அவள் சிரித்தாள். இவரும் சிரித்தார். மைக்கில் கூப்பிடலாம், பெயர் எழுதுங்கள் என்று சைகை காட்டிக் காகிதம் கொடுத்தாள். இராஜமாணிக்கம் டிரிப் ஷீட் எழுதிய கையால், இங்கிலீஷில், மகள் பெயரை எழுதினார். மாப்பிள்ளை பெயரை எழுதினார். அவள் படித்துப் பார்த்து, 'தமில்... தமில்...' என்று திணறிவிட்டு, வேறு யார் உண்டு என்று கேட்டாள். இவர் கையை இடுப்பளவுக்குக் காட்டி, குழந்தை என்றார்.

"அச்சா. பச்சி கா நாம்?"

பச்சி என்றால் பெண் குழந்தை, நாம் என்றால் பெயர். இந்தப் பத்து நாளில் பேத்தியிடமே கற்றுக்கொண்டது. பேனாவைக் காகிதத்தில் வைத்தார்.

வரவில்லை.

முகம் தெரிந்தது. முன்பல் ஒன்று விழுந்த வாய் தெரிந்தது. காலையில் இழுத்த விரலின் சூடு தெரிந்தது. பெயர் இருந்த இடம் மட்டும் காலியாக இருந்தது. சிரித்துக்கொண்டே, நெற்றியைத் தட்டிக்கொண்டு, இதோ என்று கை காட்டினார். பொள்ளாச்சி அத்தை பேத்தி பெயர் வந்தது, பக்கத்து வீட்டு ஏகாம்பரத்தின் நாய் பெயர்கூட வந்தது. அது வரவில்லை. அந்தப் பெண் காத்திருந்தாள். அவள் சிரிப்பு மெதுவாக மாறியது. பெயரை மறந்துபோனவர்களைப் பார்க்கும் பார்வை அது, பழக்கப்பட்ட, அன்பான பார்வை. இராஜமாணிக்கத்துக்கு அப்போதுதான் பயம் வந்தது. வாழ்க்கையில் இப்படி ஒரு பயம் அவருக்கு வந்ததில்லை. சுவரிலிருந்த கடிகாரத்தில் ஐந்து நிமிடம் போனது.

அதற்குள் அவர்களே வந்துவிட்டார்கள். கீழே பிளாட்பாரத்தில் தேடிக் காணாமல், புகார் சொல்ல மேலே ஓடி வந்திருக்கிறார்கள். பேத்தி வந்து காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அங்கியே நின்னிருக்கக் கூடாதாப்பா? ஏன் அங்கியே நிக்கலெ?" தமிழ்செல்விக்கு மூச்சு வாங்கியது. "போதும். நான் உங்கள அனுப்பப் போறதில்ல. காங்கேயமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

வேறு வழியில்லை. இராஜமாணிக்கம் மாப்பிள்ளையைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு ஒண்ணுக்கு வந்தா அடக்க முடியறதில்ல அம்மணி. ஒரு வருசமா. அதுக்குத்தான் வெளிய போனேன். செங்கோட்டைலயும் அதுக்குத்தான். வெள்ளகோவில் பஸ்ஸும் அதனாலதான். மறதியெல்லாம் இல்ல. உங்கிட்டச் சொல்ல வெக்கப்பட்டுட்டு மறந்து போச்சுன்னு சொல்லீட்டேன்."

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தான். "இதுக்கா மாமா? எங்கப்பாவுக்கும் இதேதானுங்க. நாள் ஒண்ணுக்கு ஒரு மாத்திரை, இப்ப ஜம்முனு இருக்கறாரு. நாளைக்கே டாக்டர்கிட்டப் போலாமுங்க. நாந்தான் அந்த லஸ்ஸிய வாங்கிக் குடுத்துக் கெடுத்தேனா!" தமிழ்செல்வியும் அழுதுகொண்டே சிரித்தாள். "கருமம், இதச் சொல்றதுக்கு ஒரு வருசமா? நான் என்னென்னமோ நெனச்சுப் பயந்து செத்துட்டு இருந்தனேப்பா" என்று அவர் தோளில் ஒரு அடி வைத்தாள்.

ரயிலில் இடம் கிடைத்தது. மாப்பிள்ளை இந்தமுறை மாமனாரை முதலில் ஏற்றிவிட்டுத்தான் ஏறினான். பேத்தி கதவோரம் அப்பாவோடு நின்று கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த மகள், வியாழக்கிழமை பயணத்துக்குச் சப்பாத்தி போதுமா, புளிச்சோறும் கட்டவா என்று கேட்டாள். பத்து நாளாக அவள் குரலில் இருந்த இறுக்கம் போயிருந்தது.

பாஸாகிவிட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இராஜமாணிக்கம் வாயை மூடிக்கொண்டுதான் வந்தார். ஆனால் மனசு காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தது. பஸ் மாறி ஏறியது அவசரத்தில், சரி. அதற்குப் பிறகு அரைமணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாரே. தூங்கிவிட்டேன் என்று தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தார். தூங்கினாரா? வழியில் வந்த ஒவ்வொரு ஊர்ப் பலகையும் அவருக்கு இப்போது ஞாபகம் இருக்கிறது. கண் திறந்துதான் இருந்தது. அது தன் தடம் இல்லை என்பதுதான் தோன்றவில்லை.

"செல்வி."

"ம்?"

"அந்த ஆபீசுல பாப்பா பேரு கேட்டாங்க. எனக்கு வரலெ."

"பதட்டத்துல எல்லாத்துக்கும் அப்படித்தானுங்கப்பா" என்றாள் அவள் உடனே. "எனக்கே வந்திருக்காது."

ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவள் அதைத்தான் கேட்க விரும்பினாள். அவருக்கும் அதைத்தான் சொல்ல ஆசை.

"பதட்டமில்ல அம்மணி. போயிட்டு வந்து, எல்லாந் தீந்து, சாவகாசமா உக்காந்து சிரிச்சுட்டு இருந்தப்பத்தான் கேட்டாங்க. அஞ்சு நிமிசம் பாத்தேன். வரவே இல்ல. பஸ்ஸுலயும் நான் முழிச்சுட்டுத்தான் இருந்தேன்."

தமிழ்செல்வி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"வியாழக்கெழமை நான் போகலெ" என்றார் இராஜமாணிக்கம். "நீ போகச் சொன்னாலும் இனித் தனியாப் போகமாட்டேன். எனக்குப் பயமா இருக்குது, கண்ணு."

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஹவுஸ் காஸ் வரும்வரை அதை விடவில்லை.